டிசம்பரில் காட்டிய ஊர்

என் தங்கையை நான் ஏமாற்றினேன். மலையில் அவளுக்கு இருந்த வேலையையும் வீட்டையும் விட்டுவிட்டு, பாலக்காட்டுப் பக்கம் நான் இருந்த எலப்புள்ளிக்கு வரச் சொன்னேன். அங்கே இருப்பதைவிட இங்கே வரவு அதிகம், வசதி அதிகம், பிள்ளைக்கு எதிர்காலம் உண்டு என்று சொன்னேன். நான் சொன்ன கணக்கில் பொய் எண் ஒன்றுகூட இல்லை. அதனாலேயே அதை ஏமாற்று என்று ஒப்புக்கொள்ள எனக்கு இவ்வளவு காலம் ஆயிற்று.

நான் ஓய்வு பெறும்வரை மேல்நிலை வகுப்புகளுக்குப் பொருளாதாரம் சொல்லிக்கொடுத்தவன். மெய் வருமானம் என்று ஒரு பாடம் உண்டு. ஒருவன் கையில் வாங்கும் கூலி மட்டும் அவன் வருமானம் ஆகாது; வாடகையில்லாத வீடு, சும்மா கிடைக்கும் விறகு, தண்ணீர் எல்லாவற்றுக்கும் விலை போட்டுச் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது அந்தப் பாடம். வகுப்பில் இதற்கு உதாரணமாக வருடந்தோறும் தேயிலை எஸ்டேட் லயத்தைத்தான் சொல்வேன். போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், கேரள மலையில், அப்படி ஒரு லயத்தில்தான் நான் பிறந்தேன். பிள்ளைகளுக்கு நன்றாகப் புரியும். தங்கையிடம் பேசும்போது மட்டும் அந்தப் பாடத்தை நான் எடுக்கவில்லை.

லயம் என்பது ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருக்கும் வீடுகள். கம்பெனிக்குச் சொந்தம். குடும்பத்தில் ஒருவருக்காவது கம்பெனியில் பேர் இருக்கும்வரை வீடு நமக்கு. பேர் போனால் வீடும் போகும். வேலையை விடுவதைப் 'பேர் வெட்டுவது' என்றுதான் அங்கே சொல்வார்கள். ஓய்வு பெறும்போதோ முன்னாலேயே விலகும்போதோ, பேரைப் பதினெட்டு ஆன மகனுக்கோ மகளுக்கோ மாற்றிக் கொடுக்கலாம். எங்கள் அம்மாவின் பேரைத் தங்கை வாங்கிக்கொண்டாள். நான் அப்போது கீழே வாத்தியார் வேலையில் இருந்தேன். எனக்கும் அவளுக்கும் வயது வித்தியாசம் அதிகம். நடுவில் பிறந்தவர்கள் தங்கவில்லை.

லயத்தைச் சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. மழைக்காலத்தில் சுவர் வியர்க்கும். கக்கூசுக்கு வெளியே போகவேண்டும், போகும் வழியில் யானை நிற்கும். மண் சரியும் என்று பயந்து கோயிலில் போய்ப் படுத்த இரவுகள் உண்டு. நாங்கள் கத்தோலிக்கர்கள், மாதா கோயிலைக் கோயில் என்றுதான் சொல்வோம். அதை விட்டுப் போகிறவர்கள் நல்ல காரணத்தோடுதான் போகிறார்கள். என் தங்கைக்கும் நல்ல காரணம் இருந்திருக்கலாம். ஆனால் அவளைக் கூப்பிட்டதற்கு என் காரணம் வேறு.

என் மனைவிக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஹோம் நர்ஸ் வைத்துப் பார்த்தேன். ஒருத்தி சம்பளம் போதவில்லை என்று போனாள். இன்னொருத்தி வீட்டில் பேச ஆள் இல்லை என்று போனாள். மூன்றாவதாக வந்தவள் என் மனைவியை எருமையைக் கழுவுவதுபோல் கழுவினாள். மனைவியின் கண்ணில் நீர் வழிந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, அந்த வருடம் கல்லறைத் திருநாளுக்கு மலை ஏறினேன். அம்மா அப்பா கல்லறைக்கு மெழுகுவர்த்தி ஏற்ற வருடா வருடம் போவதுதான். அந்த முறை மனதில் வேறொன்று இருந்தது.

அடுப்படியில் உட்கார்ந்து பேசினோம். தங்கை, அவள் புருஷன், நான். மாப்பிள்ளைக்குக் கம்பெனியில் பேர் இல்லை; வெளியே ஒரு ஏலக்காய் ஸ்டோரில் காய் உலர்த்தும் வேலை. வீடு நின்றது தங்கையின் பேரில்தான்.

"இங்க ஒரு நாளைக்கு என்ன கூலி? எங்க பக்கம் கஞ்சிக்கோட்டுல கம்பெனி வாசல்ல சும்மா நிக்கிறவனுக்கே இதுல ஒன்றரை மடங்கு குடுக்கிறான்" என்றேன்.

"நான் ஸ்டோர்ல சும்மா உக்காந்தே இருக்கிறவன் மச்சான். உக்கார்றதுக்கு என்ன ரேட்டுன்னு கேட்டீங்களா?" என்றார் மாப்பிள்ளை.

தங்கை சிரிக்கவில்லை. "அங்க வாடகை குடுக்கணும்லண்ணே?" என்று கேட்டாள்.

கேட்கவேண்டிய கேள்வியை அவள் கேட்டுவிட்டாள். நான் சொன்னேன்: "சின்ன வாடகைதான். அதுக்கெல்லாம் நான் இருக்கேன்ல."

"வீட்ட விட்டுட்டா திரும்பக் கெடைக்காதுண்ணே. புள்ளைக்குப் பதினெட்டு ஆகட்டும்னு இருக்கேன். அவ நர்சிங் படிக்கணுங்கிறா. படிச்சு வேலை கெடச்சா போகட்டும். கெடைக்கலைன்னா ஏறி வர ஒரு எடம் வேணும்ல? என் பேர அவளுக்கு மாத்திக் குடுத்துட்டா அந்த எடம் இருக்கும்."

"நர்சிங் படிக்க இங்க என்ன இருக்கு? பாலக்காட்டுல எத்தனை காலேஜு! ஒரு மணி நேரத்துல கோயம்புத்தூரு. உன் மகளும் கொழுந்து கிள்ளணும்னா நீ ஆசப்படுற?"

இப்படிக் கேட்டால் எந்தத் தாயும் வாயை மூடிக்கொள்வாள். அவளும் மூடிக்கொண்டாள். மனைவியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "மதினி எப்படி இருக்கு?" என்று அவள் கேட்டபோது, "பரவாயில்ல, ஆள் வச்சிருக்கேன்" என்றேன்.

ஊரைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்று கிறிஸ்துமஸ் லீவுக்கு மூவரையும் அழைத்துவந்தேன். பாலக்காட்டில் இருப்பவர்களுக்கு நான் செய்தது புரியும். டிசம்பரில் கணவாய் வழியாகக் காற்று இறங்கும். மின்விசிறி தேவையில்லை. கிணற்றில் தண்ணீர் கைக்கு எட்டும். வயல் பச்சை, வரப்பில் பனைகள். எந்த ஊரையும் நல்ல நாளில் காட்டலாம். நான் நாள் பார்த்துக் காட்டினேன்.

பக்கத்து வீட்டு அம்மா அதைக் கெடுக்கப் பார்த்தார். வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "ஏனுங்க்கா, இப்பப் பாத்து மயங்கீறாதீங்க. மாசி பொறந்தா கொடத்தத் தூக்கிட்டு லாரிக்குப் பொறத்தாலயே ஓடோணும். சாரு சொல்லலீங்களா?" என்றார்.

"அவங்க சும்மா வெளையாட்டுக்குச் சொல்றாங்க" என்று நான் சிரித்தேன். தங்கை என் முகத்தைப் பார்த்தாள். அண்ணன் சொன்னால் சரியாக இருக்கும் என்கிற பார்வைதான் அது. எங்கள் குடும்பத்தில் படித்தவன் நான் ஒருவன்தான்.

புது வருடம் பிறந்ததும் பேரை வெட்டினாள். அன்று போனில், "கையெழுத்துப் போட்டுட்டேண்ணே" என்றாள். "நல்லது" என்றேன். போனை வைத்த கையோடு ஹோம் நர்ஸுக்கு ஆள் அனுப்பும் இடத்தைக் கூப்பிட்டு, அடுத்த மாதம் முதல் ஆள் வேண்டாம் என்று சொன்னேன்.

என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி வாடகைக்கு ஒரு வீடு பிடித்துக் கொடுத்தேன். சிமென்ட் ஷீட் கூரை. பேர் வெட்டியதற்குக் கம்பெனியிலிருந்து வந்த பணம் வாடகை முன்பணத்துக்கும் மகளின் காலேஜ் முதல் வருடத்துக்கும் போயிற்று. தங்கை காலையில் தன் வீட்டில் சோறு ஆக்கி வைத்துவிட்டு வருவாள். என் மனைவியைத் துடைத்து, புடவை மாற்றி, சோறு ஊட்டி, மதியம் ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்து, இருட்டும்போது போவாள். "உங்க தங்கச்சி கை பட்டா முதுகு எரியல" என்று மனைவி குழறிக் குழறிச் சொன்னாள். எனக்கு அது போதுமாக இருந்தது.

தங்கைக்கு நான் எதுவும் கொடுக்கவில்லை. கூலி என்று கொடுத்தால் அவள் வேலைக்காரி ஆகிவிடுவாள், அவள் மனம் வருந்தும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்கெல்லாம் நான் இருக்கிறேன் என்று சொன்ன வாடகையையும் அவர்கள்தான் கட்டினார்கள். ஹோம் நர்ஸுக்குப் போய்க்கொண்டிருந்த பணம் என் வங்கிக் கணக்கில் தங்கியது. அதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டுச் சும்மா இருந்தேன்.

மாசி பிறந்தது. பக்கத்து வீட்டு அம்மா சொன்னபடியே லாரி வந்தது. வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவர் ஒன்றும் சொல்லவில்லை; தங்கைக்கு ஒரு குடம் இரவல் கொடுத்தார். சிமென்ட் ஷீட் வீட்டில் பகலில் தரையில் கால் வைக்க முடியாது. மலையில் ஸ்வெட்டர் போட்டே வளர்ந்த மாப்பிள்ளை, குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் தலையை அதன் அடியில் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "எங்க ஊர்ல வெயில் வந்துட்டுப் போகும் மச்சான். இங்க அதுவும் வாடகைக்கு வந்திருக்கு, என் வீட்டுலயே" என்பார். கஞ்சிக்கோட்டில் இரும்புக் கம்பெனியில் ஒப்பந்த வேலை கிடைத்திருந்தது. நான் சொன்ன ஒன்றரை மடங்கு கூலி உண்மைதான். உலைக்குப் பக்கத்தில் நிற்கவேண்டும் என்பதை நான் சொல்லியிருக்கவில்லை. ஒப்பந்தக்காரர் மாறியதும் வேலை போயிற்று. பிறகு எங்கள் ஊரிலேயே ஒரு சின்னக் கிடங்குக்குக் காவல். அதில் பாதிக் கூலி.

தங்கை குறை சொல்ல மாட்டாள். என் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே, விசேஷமாக எதையோ கண்டுபிடித்தவள்போலச் சொல்வாள்: "இங்க தண்ணிக்குக் காசு, வெறகு இல்லைன்னு கேஸுக்குக் காசு, ஃபேன் ஓடுனா கரண்டுக்குக் காசு. காத்த வெலைக்கு வாங்குற ஊருண்ணே இது." நான் வகுப்பில் விலை போட்டுக் கூட்டச் சொன்ன ஒவ்வொன்றும் அவள் வாயில் வந்தது. பாடம் தெரியாதவன்போல நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவாள். பூசை மலையாளத்தில். மலையில் அவள் பாடகர் குழுவில் முன்னால் நின்று பாடியவள். இங்கே கடைசி வரிசையில் நின்று, மற்றவர்கள் உட்காரும்போது உட்கார்ந்து, எழும்போது எழுந்துவிட்டு வந்தாள். கொஞ்ச நாளில் அதையும் விட்டாள். மதினியை யார் பார்ப்பது என்றாள்.

மகளின் இரண்டாம் வருடத்துக்குப் பணம் புரளவில்லை. என்னிடம் கேட்கவில்லை. என்னிடம் இருப்பது அவளுக்குத் தெரியும். நானாகச் சொல்வேன் என்று காத்திருந்திருக்கிறாள் என்று இப்போது நினைக்கிறேன். மனைவியின் வைத்தியத்துக்கு ஆகும் என்று நான் பேசாமல் இருந்தேன். அந்தப் பெண் படிப்பை நிறுத்திவிட்டு முதலில் பாலக்காட்டில் ஒரு துணிக்கடையில் நின்றாள். பிறகு கோயம்புத்தூரில் ஒரு பெரிய கடைக்குப் போய் அங்கேயே ஹாஸ்டலில் தங்கிவிட்டாள். அங்கே நாள் முழுக்க உட்காரக்கூடாதாம். வாடகைக்கு அவள் அனுப்பும் பணம்தான் வந்தது. அதற்குள் அவளுக்குப் பதினெட்டு ஆகிவிட்டிருந்தது. மாற்றிக் கொடுக்கப் பேர் இல்லை.

என் மனைவி ஒரு மழைக்காலத்தில் இறந்தாள். படுக்கைப் புண் ஒன்றுகூட இல்லாமல் போனாள். அது தங்கையின் கை. அவளுக்கான முப்பதாம் நாள் பூசை முடிந்து வந்தவர்கள் எல்லாம் போன பிறகு, தங்கை பின்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நான் போய் நின்றேன்.

"மதினியப் பாக்கத்தான் என்ன நீ கூப்பிட்டன்னு எனக்கு எப்பத் தெரியும் சொல்லு" என்றாள்.

நான் கழுவி வைத்த சட்டி ஒன்றை எடுத்துக் கவிழ்த்து வைத்தேன்.

"வந்த மறுநாளே தெரியும். நர்ச நிப்பாட்டிட்டியே. அதுல எனக்கு ஒண்ணுமில்ல. எம் மதினிதான. ஆனா நேராக் கேட்டிருக்கலாம்லண்ணே? லீவு எழுதிக் குடுத்துட்டு வந்திருப்பேன். கொஞ்ச நாள் இருந்துட்டு, போயித் தலையக் காட்டிப் பேரக் காப்பாத்திக்கிட்டு, மறுபடி வந்திருப்பேன். மக பிரசவத்துக்கு, மாமியா சீக்குக்குன்னு எத்தன பேரு அப்படிப் போயிட்டு வாறாளுக. என் பேர எதுக்கு வெட்டச் சொன்ன?"

"பேர் இருந்தா நீ திரும்பிப் போயிருவ" என்றேன்.

அவள் சட்டியில் தண்ணீர் ஊற்றி அலம்பினாள். "சரி" என்றாள். அதற்குப் பிறகு இன்றுவரை அதைப் பற்றி அவள் பேசியதில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பரிகாரம் செய்ய முயன்றேன். முதலில் அவளைக் கூட்டிக்கொண்டு மலை ஏறினேன். கம்பெனி ஆபீசில் இருந்த இளைஞர் மரியாதையாகத்தான் பேசினார். "பணி வேணமெங்கில் தராம் சாரே. டெம்பரரி. பக்ஷே வீடு இல்லா." தற்காலிக வேலை தரலாம், ஆனால் வீடு கிடையாது. தங்கையின் வீட்டை ஜார்க்கண்டிலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்குக் கொடுத்திருந்தார்கள். கூலி வேலைக்கு ஆள் கிடைக்காமல் தூரத்திலிருந்து கூட்டிவந்தவர்கள். அவர்களை இறக்கிவிட்டு அவளை ஏற்றுங்கள் என்று எந்த வாயால் கேட்பது? கேட்டேன். "அது பற்றில்லா சாரே" என்றார், முடியாது என்று.

லயத்துக்குப் போகும் பாதையில் பழைய பக்கத்து வீட்டுக்காரி கொழுந்துக் கூடையோடு எதிரே வந்தாள். "ஏ, யாருடி அது? கீழ போயி இப்படிக் கருத்துட்ட! பாலக்காட்டு வெயில மொத்தமா நீயே வாங்கிட்டியாக்கும்?" என்று கத்தினாள். தங்கை வாய்விட்டுச் சிரித்தாள். எலப்புள்ளியில் இருந்த காலம் முழுக்க அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை. டீ குடித்துவிட்டுப் போகும்படி அவள் இழுத்தாள். தங்கை, "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று பொய் சொன்னாள். தன் வீட்டு வாசல் தெரியும் இடம்வரை போகாமலே திரும்பினாள்.

அடுத்து நான் செய்தது இன்னொரு பிழை. அவளிடம் கேட்காமல் என் எலப்புள்ளி வீட்டை விற்றேன். மலையடிவாரத்தில், தமிழ்நாட்டுப் பக்கம், போடிநாயக்கனூரில் ஒரு சின்ன வீடு வாங்கி அவள் பேரில் எழுதினேன். மறுபடியும் கணக்குப் போட்டிருந்தேன். வாடகை இல்லை. காய்கறி விலை குறைவு. தமிழில் பூசை. மலைக்கு ஜீப் உண்டு. இந்த முறையும் எல்லாம் சரியான எண்கள்தான். சாவியை நீட்டியபோது, "யாரக் கேட்டு வாங்குன?" என்றாள். மாப்பிள்ளை, "குடுக்கிறத வாங்கிக்கயேன். வாசல்ல நிக்கிறதுக்கு ஒரு வாசலாவது நம்ம வாசலா இருக்கட்டும்" என்றார். வேறு போக்கிடம் இல்லாததால் போனார்கள்.

அங்கே அவளை யாருக்கும் தெரியாது. கேரளத்து ரேஷன் கார்டைக் காட்டினால், நீங்கள் அந்தப் பக்கத்து ஆள் என்கிறார்கள். மகள் அங்கே வரவில்லை. "அங்க வந்து நான் என்ன மாமா செய்ய?" என்று போனில் என்னைக் கேட்டாள். மாப்பிள்ளைக்கு மூச்சு வாங்குகிறது; வீட்டோடு இருக்கிறார். தங்கை விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, போடிமெட்டு தாண்டி ஏலத் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போகிறாள். ஜீப்புக்காரர் வண்டிக் காசைக் கூலியில் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுக்கிறார். பேர் கிடையாது, லீவு கிடையாது, மழை வந்தால் வேலை கிடையாது.

போன மாதம் அவளைப் பார்க்கப் போயிருந்தேன். கறி எடுத்துக் குழம்பு வைத்தாள். "ஜீப்புல போகையில ஒரு வளைவுல நம்ம கோயில் சிலுவ தெரியும்ண்ணே. ஓரத்துல உக்காந்தாத்தான் தெரியும். நான் நடுவுல உக்காந்துக்கிடுவேன்" என்று, குழம்பில் உப்பு சரியா என்று கேட்கிற குரலில் சொன்னாள்.

நான் இப்போது எலப்புள்ளியில் ஒரு அறை வாடகைக்கு எடுத்து இருக்கிறேன். கால் வீங்குகிறது. ஒரு கண்ணில் பார்வை போய்க்கொண்டிருக்கிறது. போன மாதம் அவள் வீட்டுப் படியில் நான் தடுமாறியதை அவள் பார்த்துவிட்டாள். "நீயும் இங்கயே வந்திரு. ஒன்னையும் நான்தான பாக்கணும்" என்றாள். நாளைக்கு உள்ள வேலையைச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். நான் போனால் அவள் ஜீப்பில் ஏற முடியாது. வீட்டில் இரண்டு நோயாளிகள் இருப்பார்கள், சம்பாதிக்க யாரும் இருக்க மாட்டார்கள். என் பென்ஷனை முழுக்கக் கொடுப்பேன் என்று கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். கணக்கு சரியாகத்தான் வருகிறது. என் கணக்கு எனக்குப் பயமாக இருக்கிறது.

நேற்று போன் செய்தாள். மகள் வந்தால் படுக்க வைத்திருந்த அறையில் சாமானை ஒதுக்கிவிட்டாளாம். எப்போது வருகிறாய் என்று கேட்டாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.